நாற்பது நாள் செவ்வந்தி

பூ வாடாது என்று முதலில் சொன்னபோது நான் நம்பவில்லை. வாளியில் இருந்த வெள்ளைத் தண்ணீரைக் காட்டி, இதில் காம்பை முக்கால் மணி நேரம் வைத்தால் போதும், நாற்பது நாள் அப்படியே நிற்கும் என்றார்கள் சர்க்கார் ஆட்கள். ஒரு ரோஜாவை முக்கி எடுத்துப்போய் எங்கள் வீட்டுக் கக்கூஸ் ஜன்னலில் வைத்தேன். மேற்கு வெயில் நேராக அடிக்கிற இடம். முப்பத்தொன்பது நாள் நின்றது. நாற்பதாம் நாள் காலையில் பார்த்தால் மொத்தமும் கறுத்து, தொட்டதும் கூழாகிக் கையில் ஒட்டியது. அதற்கப்புறம் நாற்பது நாளை நம்பினேன். அவர்கள் சொன்ன மற்றது எதையும் நம்பவில்லை.

என் பெயர் காசிமாயன். திண்டுக்கல் பைபாஸில் மதிவதனி வைத்திருக்கும் பூ ஷெட்டில் அடுக்குப் பார்க்கிற ஆள். வருகிற பூவை எண்ணி வாங்குவது, பாலில் முக்குவது, குளிர் அறையில் அடுக்குவது, மேடைக்கு அனுப்புவது, திரும்பி வந்ததை மறுபடி அடுக்குவது. அந்த வெள்ளைத் தண்ணீரைத்தான் நாங்கள் பால் என்போம். அதற்கு முன்னால் முப்பது வருஷம் கல்யாண மேடை ஜோடித்தேன். பச்சை ஸ்பாஞ்சை அறுத்து ஊறப் போட்டு அதில் பூவைக் குத்துகிற காலம் அது. மறுநாள் ஸ்பாஞ்சும் பூவும் மண்டபத்துக்குப் பின்னால் குவிந்து கிடக்கும். மாடு தின்னும். மாட்டு வயிற்றில் அந்த ஸ்பாஞ்ச் என்ன செய்யும் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

பூவை வீணாக்கக் கூடாது என்று சட்டம் வந்த வருஷம் தீபன் என்று ஒரு சர்க்கார் ஆபீசர் ஷெட்டுக்கு வந்து எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் பாதி குடித்துவிட்டு மீதியைத் தன் பாட்டிலில் ஊற்றிக்கொண்டார். அது ஒன்று எனக்குப் பிடித்திருந்தது.

“ஒரு செவ்வந்தி மொட்டு விட்டு மலர்றதுக்கு எத்தனை லிட்டர் தண்ணி போகுது, சொல்லுங்க பெரியவரே.”

“நான் ஊத்தி அளக்கலையே.”

“நாங்க அளந்துட்டோம். ஆறு லிட்டர். வீட்டுக்கு நாலு குடம் தண்ணி விடுற ஊர்ல, ஒரு கல்யாணத்துக்கு நாலாயிரம் பூ. மூணு மணி நேரம் நிக்குது, அப்புறம் குப்பை. நியாயமா?”

“நியாயமில்லதான்.”

“பூ கிழடாகுறது ஒரு வாயுவால. பூவே அதை உள்ளுக்குள்ள விடும். இந்தப் பால் அந்த வாசலை அடைச்சிடும். நாப்பது நாளைக்குப் பூவுக்கு வயசே ஆகாது. அதுக்குள்ள ஒவ்வொரு பூவும் அஞ்சு மேடை ஏறணும். ஏறாத பூவை உரக் குழியில கொட்டினா ஷெட்டுக்குக் கரும்புள்ளி. மூணு கரும்புள்ளி விழுந்தா லைசென்ஸ் போயிடும்.”

“ஏறுச்சா இல்லையான்னு யாரு பாக்குறது?”

“இது பாக்கும்” என்று ஒரு சின்ன வளையத்தை எடுத்துக் காட்டினார். வைக்கோல் மாவில் செய்தது. காம்பின் அடியில் மாட்டினால் அந்தப் பூ எப்போது முக்கியது, எந்த மண்டபத்துக்குப் போனது, இப்போது எந்த அடுக்கில் இருக்கிறது என்று எல்லாம் சொல்லும். யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாம். ஷெட்டில் வேலை செய்கிற பெண்கள் அன்றைக்கே அதற்கு மெட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். காலில் கிடப்பதால்.

முதல் இரண்டு வருஷம் எனக்கு அதில் குறையில்லை. முகூர்த்தம், ரிசப்ஷன், கடைத் திறப்பு, கட்சிக் கூட்டம் என்று நாலு மேடை ஏறிய பூ கடைசியாகச் சாவு வீட்டுக்குப் போகும். அங்கே போனது திரும்பி வராது. நேராகக் குழிதான். இதைச் சட்டம் எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பூத் தொட்ட எவனுக்கும் தெரியும்.

அப்புறம் தீபன் மறுபடி வந்தார்.

“சாவு சொல்லிட்டா வருது? நாலு மேடை ஏறின பூ கையில இல்லன்னா புதுப் பூவைத் தூக்கிக் குடுத்துடுறீங்க. ஒரே மேடை, அதோட குழி, சாவு வீடுன்னு கரும்புள்ளியும் இல்ல. இந்த மாவட்டத்துல வீணாகுற பூவுல பாதி இப்படித்தான் போகுது.”

“அதுக்கு?”

“இனிமே துக்கம் கடைசி இல்ல பெரியவரே. அதுவும் ஒரு மேடை. நீல வெளக்குல அரை மணி நேரம் வச்சா ஒரு கிருமி இருக்காது. தாராளமா அடுத்த மேடைக்கு அனுப்பலாம்.”

“கல்யாண வீட்டுல சொல்வீங்களா?”

“மெட்டியிலயே இருக்குமே. தெறந்த புத்தகம்.”

“சாவு வீடுன்னு இருக்குமா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “குடும்ப நிகழ்வுன்னு இருக்கும்.”

நான் மதிவதனியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். அவளுடைய அப்பாவோடு தொழில் செய்தவன் என்பதால் என்னைச் சித்தப்பா என்பாள். ஆபீசர் போனதும் நான் கத்தினேன்.

“தீட்டு மதி. பாடையில கெடந்த பூ மணவறைக்குப் போறதா? வெளங்குமா?”

“நான் என்ன சித்தப்பா பண்றது? பதினாறு பேரு இங்க சோறு திங்குறோம். பூட்டிட்டுப் போயிரலாமா?”

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் முப்பத்திரண்டாவது வயதில் இதை நான் செய்திருக்கிறேன். ஒரு மில் முதலாளி காலையில் செத்துப் போனார். அவர் வண்டிக்கு வைத்த ரோஜா அத்தனையையும் மதியம் சுடுகாட்டு வாசலில் வைத்தே அள்ளி, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் ஒரு வாத்தியார் மகள் ரிசப்ஷனுக்குக் குத்தினோம். என்னோடு இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே குத்தினார்கள். அந்த வாத்தியார் மேடையைப் பார்த்துவிட்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்து, “தெய்வம்யா நீங்க” என்றார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் இருந்தாள், விசாரித்தேன். ஆனால் அவர் பிடித்த கையால் எனக்கு நாலு நாள் சோறு இறங்கவில்லை.

ஆகவே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

தோட்டத்திலிருந்து வருகிற பூவில் நூற்றுக்கு ஐந்து உடைசல் என்று தள்ளலாம். உடைந்ததற்கு மெட்டி கிடையாது, குழியில் போட்டால் கரும்புள்ளியும் கிடையாது. நான் நல்ல பூவையே உடைசல் என்று எழுதித் தனியாக எடுத்துப் பாலில் முக்கி வைத்துக்கொள்வேன். சாவு வீட்டிலிருந்து பூ திரும்பி வந்ததும், அதன் மெட்டிகளைக் கழற்றி இந்தப் பூக்களுக்கு மாட்டிவிடுவேன். சாவு வீட்டுப் பூ குழிக்குப் போய்விடும். ஈரக் காம்பில் இருக்கிறோமா என்று மட்டும்தான் மெட்டிக்குத் தெரியும். யார் காம்பு என்று தெரியாது. இவ்வளவு பெரிய சட்டம் போட்டவர்களுக்கு அது தோன்றவில்லை.

இரண்டு வருஷம் இப்படி நடந்தது. யாரிடமும் சொல்லவில்லை, மதியிடம்கூட. எத்தனை கல்யாணப் பெண்களைக் காப்பாற்றியிருக்கிறேன் என்று சில சமயம் மனதுக்குள் எண்ணிக்கொள்வேன். எத்தனை ஆறு லிட்டரைக் குழியில் ஊற்றினேன் என்று எண்ணியதில்லை.

அந்தப் பெண் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. காக்கிப் பேன்ட், முழங்கை வரை மடித்த சட்டை, விரல் இடுக்கில் வண்டி மை. பஸ் டிப்போவில் பேட்டரி பார்க்கிற வேலை என்று பிறகு தெரிந்தது. பெயர் மகிழினி.

“இங்க அடுக்குப் பாக்குறது யாரு?”

“நான்தான். மேடை புக் பண்றதுன்னா உள்ள மேடம் இருக்கு.”

“மேடை புக் பண்ணியாச்சு. வர்ற ஞாயித்துக்கு அடுத்த ஞாயிறு. எனக்குப் பதினாலாவது அடுக்கைக் காட்டுங்க ஐயா.”

போனை நீட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். செவ்வந்தி, வெள்ளை, இருநூற்றுப் பன்னிரண்டு. பதினெட்டு நாள் முன்னால் பாலில் முக்கியது. முதல் மேடை: குடும்ப நிகழ்வு, ரயிலடித் தெரு.

“இந்தக் குடும்ப நிகழ்வு எங்கம்மா” என்றாள்.

எனக்கு நினைவு வந்தது. பஞ்சவர்ணம் என்று ஒரு கண்டக்டர் அம்மா. டிப்போவிலேயே மயங்கி விழுந்து போய்விட்டார். கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து பூப்போர்வை கேட்டார்கள். தென்னை நார் வலையில் காம்பைச் செருகிச் செய்வது. நாலு மேடை ஏறிய வெள்ளைச் செவ்வந்தி அன்றைக்குக் கையில் இல்லை. புதிதாக முக்கியதைக் கொடுத்தோம். திரும்பி வந்த போர்வையைப் பிரித்தது நான்தான். மெட்டிகளைக் கழற்றியதும் நான்தான்.

மதி பேச்சுச் சத்தம் கேட்டு வெளியே வந்தாள். போனைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டாள்.

“தங்கச்சி, அது வந்து, ரூல்ஸ் அப்படித்தான். உங்களுக்கு வேணாம்னா உங்க மேடையில அந்தப் பூ வராம நான் பாத்துக்கிறேன்.”

“வராமயா? வரணும்கா. அதுக்குத்தான் வந்தேன்.”

மதி என்னைப் பார்த்தாள்.

“தேதி குறிச்சப்ப அம்மா இருந்துச்சு. இப்ப முப்பது நாளுக்குள்ள முடிங்க, இல்லாட்டி ஒரு வருசம் தள்ளிப் போடுங்கன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. மாப்பிள்ளை துபாய்க்குத் திரும்பணும். சரின்னுட்டேன்.” அவள் பேசும்போது அழவில்லை. பஸ்ஸில் என்ன கோளாறு என்று சொல்கிற மாதிரி சொன்னாள். “எங்கப்பாதான் பிரச்சினை. அன்னையிலேருந்து சுவத்தப் பாத்துப் படுத்தே கெடந்தாரு. டீத்தண்ணி மட்டும்தான். முந்தாநாள் சும்மா போர்வை பில்லுல இருந்த மெட்டி நம்பரைப் போட்டுப் பாத்தேன். உயிரோட இருக்குன்னு காட்டுச்சு. அப்பாகிட்ட காட்டினேன். எந்திரிச்சு உக்காந்துட்டாரு. உங்கம்மா மேல கெடந்த பூ இன்னும் வாடலையான்னாரு. நேத்து நாலு இட்லி தின்னாரு.”

“அய்யோ, கடவுளே” என்றாள் மதி. அவள் கண் நிறைந்துவிட்டது.

“இன்னொண்ணு. எடுக்கையில நான் போர்வையப் பிடிச்சு இழுத்துட்டேன். ஒரு பூவுல இதழ் பாதி என் நகத்தோட வந்துருச்சு. அப்பா பாத்துக்கிட்டே இருந்துருக்காரு. அந்தப் பூவைக் கண்டுபிடி, தாலி கட்டையில நான் அதைக் கையில வச்சுக்கிறேன்னாரு. தேடிக்கலாமா?”

“தாராளமா தேடும்மா! நாளைக்கு அந்தப் பூ ஒரு கடைத் திறப்புக்குப் போக வேண்டியது. நான் மாத்திவிட்டுர்றேன்.” மதி என் பக்கம் திரும்பினாள். “கேட்டீங்களா சித்தப்பா? தீட்டு தீட்டுன்னு குதிச்சீங்களே.”

 குளிர் அறையைத் திறந்து பதினாலாவது அடுக்கிலிருந்த நாலு கூடையையும் இறக்கி மேஜையில் வைத்தேன். மதிக்குப் போன் வந்தது, உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பெண் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு பூவாக எடுத்து, இதழை விலக்கி, சுற்றிப் பார்த்து, இந்தப் பக்கம் வைத்தாள்.

“நகம் பட்ட எடம் எப்படி ஐயா இருக்கும்? அதுவும் வெள்ளையாவே இருக்குமா?”

“இல்ல. கிள்ளின கையோட வெள்ளையா, ஈரமா இருக்கும். கொஞ்ச நேரத்துல ஓரம் டீக்கறை மாதிரி பழுத்துரும். பாலு வயசைத்தான் நிறுத்தும். காயத்தை மறைக்காது.”

“அப்ப லேசா கண்டுபிடிச்சிடலாம்.”

ஐம்பது ஆயிற்று. நூறு ஆயிற்று. நான் வேறு வேலை இருப்பது போலக் கூடைகளை நகர்த்திக்கொண்டிருந்தேன். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். இவள் வெளியே சொன்னால் ஷெட் போச்சு. பதினாறு பேர். சொல்லாவிட்டால் இவள் இருநூற்றுப் பன்னிரண்டையும் பார்த்துவிட்டு, உதிர்ந்திருக்கும் போல என்று போய்விடுவாள். அதுதான் எல்லோருக்கும் நல்லது.

ஒரு பூவை எடுத்து முகத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். என்ன வாசம் தேடினாளோ. அந்தப் பூ தோட்டத்திலிருந்து வந்து குளிர் அறையைத் தவிர வேறு எதையும் பார்க்காதது.

“நிறுத்து தாயி” என்றேன். “அதுல இல்ல.”

“இன்னும் அறுபது இருக்கு.”

“இருநூத்திப் பன்னெண்டுலயும் இல்ல. இதுல எதுவுமே உங்கம்மா மேல கெடந்த பூ இல்ல.”

அவள் பூவைக் கீழே வைக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். உடைசல் எழுதுவது, மெட்டி மாற்றுவது, எல்லாம்.  முடித்த பிறகு கேட்டாள்.

“ஏன்?”

“சாவு வீட்டுப் பூ கல்யாணத்துக்குப் போகக் கூடாது. அதனால.”

“யாரு வீட்டுச் சாவு?”

“யாரு வீடா இருந்தா என்ன?”

“எங்க வீட்டுச் சாவு. எங்க வீட்டுக் கல்யாணம். எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“சர்க்காருதான் கேக்காம…”

“சர்க்காரு கேக்கல. நீங்களும் கேக்கல. அவங்களாவது குடும்ப நிகழ்வுன்னு ஒரு பேரு வச்சாங்க. நீங்க அதுவும் வைக்கல.”

 எழுபத்திரண்டு வயதில் ஒரு பேட்டரி பார்க்கிற பெண் முன்னால் காலிக் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினேன்.

“எங்க கொட்டுனீங்க?”

பின்பக்கம் கூட்டிப்போனேன். குழி சூடாக இருக்கும், மேலே ஆவி நிற்கும். அதில் போடுகிற பூஞ்சை பாலையும் தின்றுவிடும், மூன்று நாளில் எல்லாம் கறுப்பு மண். பதினெட்டு நாளில் மேலே இன்னும் எத்தனையோ விழுந்து, கிளறி, பாதி வண்டியில் போயும்விட்டது. அவள் எட்டிப் பார்த்தாள்.

“இந்த மண்ணுல கொஞ்சம் வேணும்னா…” என்று ஆரம்பித்தேன்.

“வேணாம். சாம்பலைக் கரைச்சாச்சு. இன்னொரு தடவை எல்லாம் கரைக்க முடியாது.”

 பிறகு சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, “அந்தப் பூவையே மேடையில வைங்க” என்றாள்.

“அது பொய்யாயிருமே தாயி.”

“ரெண்டு வருசமா மெட்டிய மாத்தி மாத்திப் போட்டப்ப ஆகலையா?”

“அது வேற.”

“எனக்கு நாலு இட்லி, ஐயா. அவரு தின்ன நாலு இட்லிதான் எனக்குக் கணக்கு. அப்பா வந்து உங்ககிட்ட கேப்பாரு. எல்லாரையும் கேப்பாரு, அவரு அப்படித்தான். இதுதான் அந்தப் பூவான்னு கேட்டா ஆமான்னு சொல்லணும்.”

“எனக்குப் பொய் வராது.”

“நல்லாவே வருது” என்றாள். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் மதியிடம் சொன்னேன். குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சோற்றுத் தட்டை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எந்த ஷெட்லயும் நூத்துக்கு ரெண்டு, மூணுதான் ஒடையும். நம்ம ஷெட்ல மட்டும் மாசா மாசம் அச்சடிச்ச மாதிரி அஞ்சு. எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?”

“தெரிஞ்சா ஏன் கேக்கல?”

“கேட்டா நிறுத்தச் சொல்லணும். எனக்கும் அந்தப் பூவை அனுப்ப மனசில்ல. நீங்க பண்ற வரைக்கும் நான் பண்ணினதா ஆகாது பாருங்க.” தட்டைத் திறந்தாள், மறுபடி மூடினாள். “நான் கேட்டிருந்தா இந்தப் புள்ளைக்கு அந்தப் பூ இருந்திருக்கும்.”

“இப்ப என்ன பண்றது?”

“இனிமே சாவு வீட்டுல போயி பூ எடுக்கிறது நீங்க. எடுக்கும்போது ஒரு வார்த்தை கேளுங்க. குழியா, மேடையா, இல்ல அவங்களுக்கே வேணுமான்னு. கரும்புள்ளி விழுந்தா ஒண்ணு ரெண்டு வரைக்கும் தாங்கலாம்.”

அந்த ஒன்பது நாளில் மூன்று சாவு வீட்டுக்குப் போனேன். ஒரு வீட்டில், “குழியில போட்டுருங்க பெரியவரே, அதைக் கண்ணால பாக்க முடியல” என்றார்கள். ஒரு வீட்டில் பேரன் பிறந்தநாளுக்கு வைத்துக்கொள்கிறோம், கொடுங்கள் என்றார்கள். மூன்றாவது வீட்டில் ஒருத்தன், “பொணத்தை எடுத்து ஒரு மணி நேரம் ஆகல, பூவுக்கு வந்துட்டான் பாரு” என்று என் தோளைப் பிடித்துத் தள்ளினான். அவன் சொன்னதும் சரிதான்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை முகூர்த்தம். ஏழு மணிக்கெல்லாம் மேடை முடிந்துவிட்டது. பின்னால் தென்னை நார்த் தட்டி, அது நிறைய வெள்ளைச் செவ்வந்தி, ஓரத்தில் மட்டும் கோழிக்கொண்டை. இருநூற்றுப் பன்னிரண்டையும் நானே செருகினேன். வேறு யாரையும் தொட விடவில்லை. ஏன் என்று எனக்கே தெரியாது. அவை வெறும் பூ. யார் மேலும் கிடந்ததில்லை. செருகி முடித்துவிட்டு வேலையாட்களோடு சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது மணமேடை நிறைந்துவிட்டது. மகிழினி அரக்குப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை மருதாணி. விரல் இடுக்கில் இருந்த மை போயிருந்தது. மாப்பிள்ளை, ஐயர் சொல்வதைத் தப்பும் தவறுமாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“நீங்கதான் அடுக்குப் பாக்குறவரா?”

திரும்பினேன். ஒல்லியான மனிதர், சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரிதாக இருந்தது. கதிரேசன், அவளுடைய அப்பா. இரண்டு கையையும் சேர்த்து, தண்ணீர் ஏந்துவது போல எதையோ ஏந்தியிருந்தார்.

“ஆமாங்க.”

“எம் மக சொன்னா. இந்தப் பூவைப் பத்திரமா வச்சிருந்தது நீங்கதான்னு.”

நான் கும்பிட்டேன். அதற்குப் பதில் பேச்சு தேவைப்படவில்லை.

“அன்னைக்குப் பஸ்ஸுக்காரங்கல்லாம் சேந்து போத்துனாங்க. அவளுக்கு வெள்ளைன்னா உசுரு. யூனிபாரத்துல காக்கியே கட்டிக் கட்டி, வீட்டுல வெள்ளைதான் கட்டுவா.” அவர் கையைத் திறந்தார். “இதைப் பாத்தீங்களா? கண்டுபிடிச்சுட்டா. கடைசி கூடை வரைக்கும் தேடிக் கெடைக்கலன்னு வந்து சொன்னா. நான் விட்டுட்டேன். இன்னைக்கு மேடைக்கு வந்து உக்காரப் போறா, அப்பா இங்க பாருன்னு கத்துனா. நேரா கை வச்சு எடுத்துட்டா.”

உள்ளங்கையில் ஒரு செவ்வந்தி. வெளி வரிசையில் ஒரு இதழ் பாதிக்கு மேல் இல்லை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். கிள்ளிய ஓரம் வெள்ளையாக இருந்தது. ஈரம்கூடக் காயவில்லை.

மேடையைப் பார்த்தேன். மகிழினி மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, ஐயரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கைக் கட்டை விரலை மட்டும் மருதாணிக் கைக்குள் மடக்கி வைத்திருந்தாள்.

“இதுதானே?” என்றார் கதிரேசன். “நீங்க சொன்னா எனக்கு ஒரு இது. நீங்கதானே பிரிச்சிருப்பீங்க போர்வையை?”

“ஆமா” என்றேன். “இதுதான். பிரிக்கையிலயே பாத்தேன், ஒரு இதழ் பாதி இல்லாம இருந்துச்சு. புள்ளை யாரோ பிடிச்சு இழுத்துருக்குன்னு நெனச்சேன்.”

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். கண்ணீர் தாடையில் இறங்கி காலருக்குள் போயிற்று. துடைக்கக் கை இல்லை.

கெட்டிமேளம் தொடங்கப் போகிறது என்று யாரோ கூப்பிட்டார்கள். “ஒரு நிமிசம்” என்று சொல்லி அந்தப் பூவின் காம்பிலிருந்து மெட்டியைக் கழற்றினேன்.

“அது எதுக்குங்க?”

“குத்தும். இது இனிமே தேவையில்ல. பூவைத் திருப்பித் தர வேணாம், நீங்களே வச்சுக்கங்க.”

மெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் இரண்டு கையாலும் பூவை மூடிக்கொண்டு மேடை ஏறினார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது நாற்பது. மத்தியானத்துக்குள் அந்த ஓரம் பழுத்துவிடும். அதற்கப்புறம் யார் வாங்கிப் பார்த்தாலும் சந்தேகம் வராது.